கொஞ்சம் எடை குறைத்தால் மெட்டபாலிசம் படுத்துவிடுமா?

ஒவ்வொரு வருடமும் ஜனவரி பிறந்ததும் எந்த ஹாஸ்டல் மெஸ்ஸிலும் ஒரு காட்சியைப் பார்க்கலாம். நாலைந்து பேர் திடீரென்று சாதத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்வார்கள். அப்பளம் வேண்டாம், உருளைக்கிழங்கு வேண்டாம், ராத்திரி இரண்டு சப்பாத்தி போதும். முதல் பத்து நாளில் இரண்டு மூன்று கிலோ இறங்கிவிடும். ஊரெல்லாம் பெருமை. பிப்ரவரி கடைசியில் எடை மெஷினின் முள் அசையவே அசையாது. மார்ச் வந்தால் அதே நாலைந்து பேரும் பழைய தட்டுக்கே திரும்பியிருப்பார்கள். என்ன ஆச்சு என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும்.

"சாப்பாட்டைக் குறைச்சதுல மெட்டபாலிசம் ஸ்லோ ஆயிடுச்சுடா. இனிமே என்ன பண்ணாலும் குறையாது."

இந்தப் பதிலில் பாதி உண்மை இருக்கிறது. பாதி உண்மை இருப்பதால்தான் இது இவ்வளவு நன்றாக விலைபோகிறது. இதை நம்பி முயற்சியைக் கைவிடுபவர்கள் ஒரு பக்கம். இதே பயத்தை வைத்து "மெட்டபாலிசம் பூஸ்டர்" என்று பொடியும் மாத்திரையும் விற்பவர்கள் இன்னொரு பக்கம். நடுவில் தொலைந்துபோவது ஒரு எளிய விஷயம்: கொஞ்சமாகக் குறைக்கிற எடைக்குக் கிடைக்கிற பலன் பெரியது, அதற்கு உடம்பு வசூலிக்கிற விலை சிறியது.

முதலில் மெட்டபாலிசம் என்றால் என்ன?

பாடப் புத்தகத்தில் இதை வளர்சிதை மாற்றம் என்று படித்திருப்போம். பேச்சு வழக்கில் இந்த வார்த்தைக்கு ஒரே அர்த்தம்தான்: உடம்பு ஒரு நாளைக்கு எவ்வளவு சக்தியைச் செலவழிக்கிறது என்பது. காமர்ஸ் படிப்பவர்களுக்கு இது ரொம்பப் பழக்கமான கணக்கு. மூன்று தலைப்புகளில் செலவு எழுதலாம்.

முதலாவது, சும்மா படுத்திருந்தாலும் ஆகிற செலவு. இதயம் துடிக்க, மூளை வேலை செய்ய, கல்லீரலும் சிறுநீரகமும் ஓட. கடையைத் திறந்தாலும் திறக்காவிட்டாலும் கட்ட வேண்டிய வாடகை மாதிரி. பெரும்பாலானவர்களுக்கு மொத்தச் செலவில் 60 முதல் 70 சதவீதம் இதுதான். இரண்டாவது, சாப்பிட்டதைச் செரிக்க ஆகிற செலவு. சுமார் 10 சதவீதம். மூன்றாவது, நடப்பது, படி ஏறுவது, காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது என்று எல்லா அசைவுக்கும் ஆகிற செலவு. ஆளுக்கு ஆள் அதிகம் மாறுவது இந்த மூன்றாவதுதான்.

இதில் இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு கிலோ தசை சும்மா இருக்கும்போது நாளுக்குச் சுமார் 13 கலோரி எரிக்கும். ஒரு கிலோ கொழுப்பு நாலரை கலோரி. ஒரு கிலோ கல்லீரல் சுமார் 200. ஆகவே உடம்பு சிறுத்தால் செலவும் குறையும் என்பதில் மர்மம் எதுவும் இல்லை. பத்து பேர் இருந்த வீட்டில் ஒன்பது பேர் ஆகிவிட்டால் அரிசி குறைவாகத்தானே ஆகும்?

அப்படியென்றால் ஸ்லோ ஆவது உண்மையா?

உண்மைதான். உடம்பு சிறுத்ததற்குத் தகுந்த அளவு குறைவதோடு நிற்காமல், அதற்கும் மேலே கொஞ்சம் குறைகிறது. சம்பளம் குறைந்த வீட்டில் அம்மா முதல் வேலையாக ஃபேனை நிறுத்துவது மாதிரி.

நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ரூடால்ஃப் லைபலும் அவருடைய சகாக்களும் செய்து 1995-ல் வெளியிட்ட ஆய்வு இதில் முக்கியமானது. உடல் பருமன் உள்ளவர்கள், இல்லாதவர்கள் என இரண்டு வகை ஆட்களையும் எடுத்துக்கொண்டார்கள். எடை 10 சதவீதம் குறைந்து அங்கேயே நின்றபோது, உடம்பின் மொத்தச் செலவு எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகக் குறைந்திருந்தது. குறைந்ததில் கணிசமான பங்கு அசைவுச் செலவில். அதே ஆய்வில் எடையை 10 சதவீதம் கூட்டியும் பார்த்தார்கள். அப்போது செலவு எதிர்பார்த்ததைவிடக் கூடியது!

இந்த இரண்டாவது பாதியை யாரும் சொல்வதில்லை. இறங்கினால் குறைகிறது, ஏறினால் கூடுகிறது. இது உடைந்துபோன மெஷினின் குணம் இல்லை. ஒழுங்காக வேலை செய்கிற மெஷினின் குணம்.

குறைகிற அளவு எவ்வளவு என்பது ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது. 2020-ல் வெளியான ஒரு ஆய்வில் 171 பெண்கள் சராசரியாக 12 கிலோ குறைத்தார்கள். எடை நிலைக்கு வந்த பிறகு அளந்து பார்த்தபோது, அவர்களுடைய ஓய்வுச் செலவு கணக்குப்படி இருக்க வேண்டியதைவிட நாளுக்குச் சுமார் 50 கலோரிதான் குறைவு. அதாவது இரண்டரை ஸ்பூன் சர்க்கரை. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது அந்தக் குறைவும் இல்லை. அதற்குள் எடையில் பாதிக்கு மேல் திரும்ப ஏறியிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் ஒன்று கவனியுங்கள். மெட்டபாலிசம் மந்தமானதால்தான் எடை திரும்ப ஏறியது என்றால் அந்த மந்தம் கணக்கில் தெரிந்திருக்க வேண்டுமே? தெரியவில்லை.

கணக்கில் எங்கே தப்பு?

அப்படியானால் மார்ச் மாதம் முள் ஏன் நின்றது?

முதல் பத்து நாளில் இறங்கிய இரண்டு மூன்று கிலோவில் பெரும்பகுதி கொழுப்பே இல்லை. தண்ணீர். உடம்பு கொஞ்சம் மாவுச்சத்தை கிளைகோஜன் என்ற பெயரில் தசையிலும் கல்லீரலிலும் சேமித்து வைக்கிறது. ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் தன்னோடு சுமார் மூன்று கிராம் தண்ணீரை வைத்திருக்கும். சாப்பாடு குறைந்ததும் முதலில் காலியாவது இந்தச் சேமிப்புதான். அதோடு தண்ணீரும் போய்விடும். ஜனவரி வேகம் போலி வேகம். அதை அடிப்படையாக வைத்து பட்ஜெட் போட்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

அடுத்த தப்பு எல்லா டயட் சார்ட்டிலும் இருக்கிறது. ஒரு கிலோ உடல் கொழுப்புக்கு 7,700 கலோரி, ஆகவே இத்தனை கலோரி குறைத்தால் இத்தனை கிலோ குறையும் என்கிற கணக்கு. 1958-ல் மேக்ஸ் விஷ்னோஃப்ஸ்கி என்ற மருத்துவர் ஒரு பவுண்டுக்கு 3,500 கலோரி என்று எழுதியதிலிருந்து வந்தது இது.

ஒரு உதாரணம் போட்டுப் பார்க்கலாம். வயது 21, உயரம் 170 செ.மீ., எடை 80 கிலோ உள்ள ஒரு மாணவர். தினமும் 300 கலோரி குறைக்கிறார். பழைய கணக்குப்படி ஒரு வருடத்தில் 300 × 365 = 1,09,500 கலோரி. 7,700-ஆல் வகுத்தால் 14 கிலோ! பிரமாதம். அப்படியே ஐந்து வருடம் தொடர்ந்தால்? 71 கிலோ குறையும். மாணவரின் எடை 9 கிலோ. எல்.கே.ஜி.யில் சேர்க்கக்கூட எடை போதாது.

தப்பு எங்கே என்று காமர்ஸ் மாணவர்களுக்கு உடனே தெரியும். எடை குறையக் குறைய செலவும் குறையும் என்பதை இந்தக் கணக்கு சேர்த்துக்கொள்ளவே இல்லை. தேய்மானத்தை முதல் வருட மதிப்பிலேயே வருடா வருடம் கழித்துக்கொண்டே போனால் மெஷினின் மதிப்பு ஒரு நாள் பூஜ்யத்துக்கும் கீழே போகும் அல்லவா, அது மாதிரி. மீதமுள்ள மதிப்பில் கழிக்க வேண்டும்.

அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் இருந்த கெவின் ஹாலும் சகாக்களும் 2011-ல் இதைத் திருத்தினார்கள். அவர்கள் சொன்ன எளிய சூத்திரம்: நாளுக்கு 24 கலோரி நிரந்தரமாகக் குறைத்தால் கடைசியில் 1 கிலோ குறையும். அதில் பாதி முதல் வருடத்தில், கிட்டத்தட்ட முழுவதும் மூன்று வருடத்தில். நம் மாணவரின் 300 கலோரியை இதில் போட்டால் மொத்தம் பன்னிரண்டரை கிலோ, முதல் வருடத்தில் சுமார் 6 கிலோ.

14 கிலோ எதிர்பார்த்தவருக்கு 6 கிலோ கிடைத்தால் என்ன சொல்வார்? "மெட்டபாலிசம் கெட்டுப்போச்சு." கெட்டது மெட்டபாலிசம் இல்லை, எதிர்பார்ப்பு.

பயமுறுத்துகிற இரண்டு கதைகள்

இணையத்தில் இந்தப் பேச்சு எழுந்தால் இரண்டு ஆய்வுகள் கண்டிப்பாக வரும்.

ஒன்று மின்னசோட்டா பட்டினி ஆய்வு. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில், 1944-45-ல், ஆன்செல் கீஸ் நடத்தியது. போருக்குப் போக மனசாட்சிப்படி மறுத்த 36 இளைஞர்கள் தாங்களாகவே முன்வந்தார்கள். போர் முடிந்ததும் பட்டினியில் கிடக்கிற ஐரோப்பிய மக்களுக்கு எப்படிச் சாப்பாடு கொடுத்து மீட்பது என்று தெரிந்துகொள்வது நோக்கம். 24 வாரம் நாளுக்குச் சுமார் 1,570 கலோரி, வாரத்துக்கு 22 மைல் நடை. அவர்கள் எடையில் கால் பங்கு போனது. ஓய்வுச் செலவு ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது. எப்போதும் குளிர், எப்போதும் சோர்வு, எப்போதும் சாப்பாட்டு நினைப்பு.

இரண்டாவது, "தி பிகஸ்ட் லூசர்" என்ற அமெரிக்க டிவி போட்டியில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருடம் கழித்து அளந்த ஆய்வு. 2016-ல் வெளியானது. 30 வாரத்தில் சராசரியாக 58 கிலோ குறைத்தவர்கள், ஆறு வருடத்தில் 41 கிலோவைத் திரும்ப ஏற்றியிருந்தார்கள். அப்படியும் அவர்களுடைய ஓய்வுச் செலவு இருக்க வேண்டியதைவிட நாளுக்கு 500 கலோரி குறைவாகவே இருந்தது.

இரண்டும் உண்மையான, மதிக்க வேண்டிய ஆய்வுகள். ஆனால் இவை சொல்வது யாரைப் பற்றி? எலும்பும் தோலுமாகும் வரை பட்டினி கிடந்தவர்களையும், ஏழு மாதத்தில் ஒரு முழு ஆளின் எடையை இறக்கியவர்களையும் பற்றி. 80 கிலோவிலிருந்து 75-க்கு வர நினைப்பவர் இவற்றைப் படித்துப் பயப்படுவது, தெருமுனைக் கடைக்கு நடக்க நினைப்பவர் மாரத்தான் ஓடி மயங்கி விழுந்தவரைப் பார்த்து வீட்டிலேயே உட்கார்ந்துகொள்வது போல.

நிதானமாகக் குறைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஆய்வு இருக்கிறது. அமெரிக்காவில் நடந்த கேலரி என்ற ஆய்வில் பருமன் இல்லாத 218 பேர் கலந்துகொண்டார்கள். ஒரு பகுதியினரை இரண்டு வருடத்துக்கு 25 சதவீதம் கலோரி குறைக்கச் சொன்னார்கள். நடைமுறையில் முடிந்தது சுமார் 12 சதவீதம்தான். மனிதர்கள் அப்படித்தானே! அந்தப் பாதி வெற்றிக்கே எடை 10 சதவீதம் குறைந்து நின்றது. ரத்த அழுத்தம், கெட்ட கொலஸ்ட்ரால், இன்சுலின் வேலை செய்யும் விதம் எல்லாம் மேம்பட்டன.

ஐந்து சதவீதத்தில் என்ன கிடைக்கும்?

மெட்டபாலிசம் என்ற வார்த்தையைக் கலோரி எரிப்பதோடு நிறுத்திக்கொள்வதுதான் இந்தப் பேச்சின் பெரிய குறை. சர்க்கரையையும் கொழுப்பையும் உடம்பு எப்படிக் கையாளுகிறது என்பதும் மெட்டபாலிசம்தான். அந்தப் பக்கம் பார்த்தால் கதையே வேறு.

செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சாமுவேல் க்ளைனின் குழு, உடல் பருமன் உள்ள 40 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2016-ல் வந்தது. எடை வெறும் 5 சதவீதம் குறைந்தபோதே கல்லீரல், தசை, கொழுப்பு மூன்றிலும் இன்சுலின் நன்றாக வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. இன்சுலின் சுரக்கிற செல்களின் வேலையும் மேம்பட்டது. மேலும் குறைத்தபோது தசைக்கு இன்னும் பலன் கிடைத்தது. ஆனால் கல்லீரலுக்கும் கொழுப்புக்கும் கிடைக்க வேண்டிய பலனில் பெரும்பகுதி அந்த முதல் 5 சதவீதத்திலேயே வந்துவிட்டது. 80 கிலோ மாணவருக்கு இது 4 கிலோ. மேலே பார்த்த கணக்கில் "தோல்வி" என்று நினைத்த 6 கிலோவுக்கும் கீழே!

அமெரிக்காவில் 3,234 பேரை வைத்து நடந்த சர்க்கரை நோய்த் தடுப்பு ஆய்வு 2002-ல் வெளியானது. இலக்கு 7 சதவீத எடைக் குறைப்பு, வாரம் 150 நிமிட உடற்பயிற்சி. சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை கொடுத்தவர்களுக்கு 31 சதவீதம்.

சென்னையிலிருந்து டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு நடத்திய இந்திய ஆய்வு 2006-ல் வந்தது. சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேர். சாப்பாட்டையும் நடையையும் மாற்றியவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. இதில் ஆச்சரியம் என்னவென்றால் அவர்களுடைய எடை பெரிதாகக் குறையவே இல்லை. எடை மெஷினை மட்டும் பார்த்திருந்தால் "ஒண்ணும் நடக்கல" என்று விட்டிருப்பார்கள்.

இது ஏன் இங்கே இவ்வளவு முக்கியம்? 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், 13.6 கோடிப் பேருக்கு அதற்கு முந்தைய நிலை. "மெட்டபாலிசம் போச்சு" என்று சொல்லி 4 கிலோ முயற்சியைக் கைவிடும் இருபது வயதுக்காரரின் வீட்டில், அப்பாவோ தாத்தாவோ தினமும் மாத்திரை போட்டுக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம்.

உண்மையான வில்லன்

செலவு குறைவது சின்ன விஷயம் என்றால் எடை ஏன் திரும்ப ஏறுகிறது? பசி. அவ்வளவுதான்.

ஹாலின் குழு 2016-ல் ஒரு கணக்குச் சொன்னது. குறையும் ஒவ்வொரு கிலோவுக்கும் உடம்பின் செலவு நாளுக்கு 20 முதல் 30 கலோரி குறைகிறது. ஆனால் சாப்பிடத் தூண்டும் பசி நாளுக்குச் சுமார் 100 கலோரி அளவுக்குக் கூடுகிறது. மூன்று மடங்குக்கும் மேல்! 2011-ல் வந்த ஒரு ஆஸ்திரேலிய ஆய்வில், கடும் டயட்டில் எடை குறைத்தவர்களுக்கு ஒரு வருடம் கழித்தும் பசியைத் தூண்டுகிற ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. இப்போது பிரபலமாக இருக்கிற எடைக் குறைப்பு ஊசிகள்கூட முக்கியமாகப் பசியின் மீதுதான் வேலை செய்கின்றன.

பசி கூடுவது மெல்ல நடப்பதால் தெரிவதில்லை. ஒரு கரண்டி கூடுதல், நண்பன் தட்டிலிருந்து பாதி பரோட்டா, மாலையில் ஒரு பஜ்ஜி. 1992-ல் நியூயார்க்கில், எவ்வளவு குறைத்துச் சாப்பிட்டாலும் எடை குறையவில்லை என்று வந்தவர்களை அளந்து பார்த்தார்கள். அவர்களுடைய மெட்டபாலிசம் சரியாகவே இருந்தது. ஆனால் சாப்பிட்டதில் ஏறக்குறைய பாதி அவர்கள் எழுதிய கணக்கில் வரவில்லை. அவர்கள் பொய் சொல்லவில்லை. மனதில் நிற்கவில்லை, அவ்வளவே. கேஷ் புக்கில் சில்லறைச் செலவை எழுத மறந்தவர் எத்தனை பேர்?

ஆகவே "மன உறுதி இல்லை" என்று திட்டுவதும் தப்பு, "மெட்டபாலிசம் செத்துப்போச்சு" என்று கைவிடுவதும் தப்பு. பசியைச் சமாளிக்கிற மாதிரி திட்டம் போட வேண்டும். அதற்குக் குறைப்பு சிறியதாக இருப்பதுதான் வசதி. டீக்கடையில் நாளுக்கு நாலு டீ, டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் எட்டு ஸ்பூன், அதாவது 160 கலோரி. பொரியலிலும் தோசையிலும் ஒரு மேஜைக்கரண்டி எண்ணெயைக் குறைத்தால் இன்னொரு 120. கிட்டத்தட்ட 300 வந்துவிட்டது, சாதத்தைத் தொடவே இல்லை. தட்டில் சுண்டலோ முட்டையோ பருப்போ கொஞ்சம் கூடினால் வயிறு நிறைந்த உணர்வு நீடிக்கும், தசையும் காப்பாற்றப்படும். அசைவுச் செலவு தானாகக் குறைய முயலும் என்பதால் தினமும் ஒரு நடை. தசைக்குக் கொஞ்சம் வேலை. இதில் எதற்கும் டப்பா வாங்க வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கையும் அவசியம். இது எல்லோருக்குமான யோசனை இல்லை. எடை சரியாகவே இருந்தும் "குண்டாக இருக்கிறேன்" என்று காலைச் சாப்பாட்டை விடுகிற பெண்கள் ஒவ்வொரு ஹாஸ்டலிலும் இருக்கிறார்கள். அவர்கள் குறைக்க வேண்டியது எதுவும் இல்லை. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் சாப்பாட்டைக் குறைக்கவே கூடாது.

மற்றவர்களுக்கு இவ்வளவுதான். மார்ச் மாதம் முள் நிற்கும். நிற்கட்டும். அன்றைக்கு மூடிவிட்டுப் போகாமல் அதே நாலு டீயை சர்க்கரை குறைத்துக் குடித்துக்கொண்டிருப்பவருக்கு, அடுத்த ஜனவரியில் ஆறு கிலோ குறைந்திருக்கும். ஆறு கிலோதானா என்று மெஸ்ஸில் யாராவது கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும். கல்லீரலுக்கு அந்தக் கணக்கு தெரியும்.